நல்லவரிடம் கணக்குக் கேட்கலாமா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் ஒரு பாவம் செய்துவிட்டேன். இரண்டு வருடமாகக் கண்ணிலேயே காட்டாத வரவு செலவுக் கணக்கைக் கேட்டேன். "எவ்வளவு நல்ல மனுஷன்! அவரைப் போய்க் கணக்குக் கேக்கறீங்களே சார்?" என்று நாலு பேர் பாய்ந்தார்கள். பொருளாளர் கண்கலங்கினார். நான் வில்லனாக வீடு திரும்பினேன்.

நல்லவர் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் நல்லபடி நடக்கும் என்பதைவிடப் பெரிய மூடநம்பிக்கை நம்மிடம் இல்லை. பூனை குறுக்கே போனால் அபசகுனம் என்பவன்கூடப் பரவாயில்லை. அவனால் சங்கப் பணம் கரைவதில்லை.

அன்றிரவே அதே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் உத்திரமேரூர்க் கல்வெட்டுப் படத்தைப் போட்டு, "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தேர்தல் நடத்தினவன் தமிழன்டா!" என்று மார்தட்டினார். நாலு பேரும் கைதட்டினார்கள். ஐயா, அந்தச் சுவரில் என்ன வெட்டியிருக்கிறது என்று படித்தீர்களா?

முதலாம் பராந்தக சோழன் காலம். 919, 921ஆம் ஆண்டுகள். ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு வாரியம் என்ற நிர்வாகக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது. அதோடு விட்டார்களா? அவருடைய அப்பா, மகன், மாமனார், மருமகன், மைத்துனர், தாய்மாமன், அத்தை மகன், சித்தி மகன் ஒருவர் பெயரும் கூடாது! 'ஆள் தங்கமானவர் என்றால் பரவாயில்லை' என்று ஒரு விதிவிலக்கு அங்கே இருந்தால் காட்டுங்கள், நான் சங்கத்தை விட்டே விலகுகிறேன்.

ஓலையை எடுப்பவன் உள்ளே இருப்பது தெரியாத சிறுவன். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை இருந்துவிட்டால்? பதவி 360 நாள்தான். இருந்தவர் மூன்று வருடம் திரும்பி வர முடியாது. எங்கள் பொருளாளருக்கு இது ஏழாவது வருடம்.

"அது பிராமணர் ஊர், நிலம் உள்ளவனுக்கு மட்டும்தானே இடம்?" என்பீர்கள். ஆமாம். ஒரே சாதி, வேதம் படித்தவர்கள், ஒருவருக்கொருவர் சொந்தம். அவர்களே ஒருவரையொருவர் நம்பவில்லை. நாம் மட்டும் நம்பித் தொலைக்கிறோம்.

கல்வெட்டைச் சொல்லி மார்தட்டும் இதே மாநிலத்தில், 2016இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல். அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். மிச்சத்துக்கு 2021 அக்டோபர். அதுவரை தனி அலுவலர் ஆட்சி. அந்த அலுவலர்களும் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள், யார் இல்லை என்றது?

குணம் ரத்தத்தில் வருகிறது என்கிறார்கள். எனக்கென்னவோ அது விதியில் வருவதாகத்தான் படுகிறது. கணக்கைக் காட்டியே தீர வேண்டும் என்றால் எங்கள் பொருளாளரும் ரசீதைப் பத்திரப்படுத்துவார். கேட்கவே கூடாது என்றால் அரிச்சந்திரனும் தொலைத்துவிடுவான்.

நேற்று ஆழ்குழாய் மோட்டார் எரிந்துபோனது. பழுதுபார்க்கப் பணம் கேட்டதும் பொருளாளர் கையை விரித்துவிட்டார். உத்திரமேரூரில் ஓலை வாங்கும்போதே விரித்த கை அது. இங்கே பணம் தீர்ந்த பிறகுதான் விரிகிறது.