மேடைக்குக் கீழே இருப்பவர்கள்



இந்த இதழின் சமய நல்லிணக்கக் கட்டுரைக்குப் படம் தேடினோம். கிடைத்த படங்களில் எல்லாம் ஒரு மேடை, குத்துவிளக்கு, கைகோத்து நிற்கும் மதத் தலைவர்கள். அத்தனை பேரும் ஆண்கள்.

சமயங்களுக்கிடையிலான உறவை ஆராயும் கல்வித்துறையிலும் நெடுங்காலம் இதே காட்சிதான். குருமார்களின் உரைகளையும் புனித நூல்களையும் ஒப்பிடுவதே ஆய்வு என்றிருந்தது. சமயங்களின் உரையாடலில் பெண்ணியம் விடுபட்டுப் போயிருக்கிறது என்று சமயவியல் பேராசிரியர் உர்சுலா கிங் 1998-ல் எழுதினார்.

விடுபட்டது எது என்று லைபீரியாவைப் பார்த்தால் விளங்கும். 2003-ல் அந்நாடு உள்நாட்டுப் போரில் சிதைந்து கிடந்தது. லூத்தரன் சபையைச் சேர்ந்த லேமா போவீயும், காவல்துறையில் பணிபுரிந்த முஸ்லிம் பெண்மணி அசாத்து பா கென்னத்தும் தத்தம் சமயப் பெண்களைத் திரட்டினார்கள். முஸ்லிம்களோடு சேர்ந்து நிற்கக் கிறிஸ்தவப் பெண்கள் சிலர் முதலில் தயங்கினார்கள். தயக்கத்தைப் பேசித் தீர்த்தபின், தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தை அருகே வெள்ளை உடையில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் அமர்ந்து, அவரவர் வழியில் பிரார்த்தித்தார்கள். கானா நாட்டின் அக்ராவில் அமைதிப் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது மண்டப வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2011-ல் போவீக்கு நோபல் அமைதிப் பரிசில் பங்கு கிடைத்தது.

நூல்களை மட்டும் ஒப்பிடும் ஆய்வாளரின் கண்ணில் அந்த மீன் சந்தைத் திடல் படாது. சோறாக்கும் இடமும் பிள்ளை வளர்க்கும் இடமும் போராடும் தெருவும் அறிவு பிறக்கும் இடங்கள்தாம் என்று பெண்ணிய இயக்கங்கள் வாதாடி நிறுவியிருக்கின்றன. சமய ஆய்வு கற்க வேண்டிய முதல் பாடம் அது.

இரண்டாவது பாடம், பெண்ணியம் தன் தவற்றிலிருந்தே கற்றது. இயேசுவைப் பெண்களின் தோழராகக் காட்ட முனைந்த கிறிஸ்தவப் பெண்ணியர் சிலர், அவர் காலத்து யூத சமயத்தை இருட்டாகத் தீட்டினார்கள். அடுத்த வீட்டை இருட்டாக்கி நம் வீட்டு விளக்கைப் பெரிதாகக் காட்டலாமா? யூத இறையியலாளர் ஜூடித் பிளாஸ்கோ 1978-ல் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். இரு தரப்பின் உறவு முறியவில்லை. 1983-ல் கிறிஸ்தவப் பெண்ணிய இறையியலாளர் எலிசபெத் ஷூஸ்லர் ஃபியோரென்சா, இயேசுவின் இயக்கத்தை யூத சமயத்துக்குள்ளேயே எழுந்த ஒன்றாக எழுதினார். ஒற்றுமையின் பேரால் மனக்குறையை விழுங்கிவிடாமல், முகம் பார்த்துச் சொல்லவும் பொறுத்துக் கேட்கவும் முடிந்தால்தான் அதற்கு உரையாடல் என்று பெயர்.

உங்கள் தெருவிலும் பண்டிகைப் பலகாரம் வீடு மாறிப் போகும். பிரசவத்துக்கும் துக்கத்துக்கும் மதம் பாராமல் முதலில் ஓடிவரும் ஒரு பெண் இருப்பார். அவரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அவருக்கு உங்கள்மேல் ஒரு வருத்தம் இருந்தால் அதையும் கேட்டு எழுதுங்கள்.

கட்டுரைக்குப் படம் கிடைத்துவிட்டது. அதில் மேடை இல்லை. வெள்ளை உடையில் தரையில் அமர்ந்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்