படிக்காமலே போடும் ஐந்து நட்சத்திரம்



மூன்று நாளாக வரும் போன்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துப் படியுங்கள்.

நம் பள்ளியில் படித்தவன் ஒருவன் துப்பறியும் நாவல் எழுதி கிண்டிலில் போட்டிருக்கிறான். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். "டீச்சர், அஞ்சு ஸ்டார் போட்டு ரெண்டு வரி எழுதிடுங்க" என்றான். முழுக்கப் படித்தேன். இரண்டு வரிக்குப் பதில் ஒரு பக்கம் எழுதினேன், ஐந்துக்குப் பதில் இரண்டு நட்சத்திரம் போட்டேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். "வளர்ற பையனை இப்படியா டீச்சர் எழுதறது?" என்று ஒருத்தி சண்டைக்கு வருகிறாள். "பெரியம்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்கிறான் தங்கை மகன்.

வளர்கிற பையனுக்கு வயது நாற்பது. அது போகட்டும்.

எனக்கு முன்னால் அங்கே முப்பது பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். எல்லாம் ஐந்து நட்சத்திரம். "ஒரே மூச்சில் படித்தேன்." "விறுவிறுப்பின் உச்சம்." "கீழே வைக்கவே முடியவில்லை." (போனில் படிக்கிற புத்தகத்தை எங்கே கீழே வைப்பது?) இந்த வரிகளை எந்த நாவலுக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். கதையில் செத்தது ஆணா பெண்ணா என்பதுகூட ஒன்றிலும் இல்லை. அவர்களில் என்னிடம் படித்த நான்கு பேருக்குப் போன் போட்டு, "கொலை எந்த இடத்தில் நடக்கிறது?" என்று கேட்டேன். ஒருத்திதான் சரியாகச் சொன்னாள். ஒருவன், "டீச்சர், இன்னும் டவுன்லோடே பண்ணல" என்றான். உண்மையைச் சொன்னதற்காக அவனை விட்டுவிட்டேன்.

நோட்டைப் பிரிக்காமலே சிவப்பு மையில் ஒரு 'டிக்' போட்டுக் கையெழுத்து வைக்கும் ஆசிரியர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஏ.இ.ஓ. வருகிற நாளில் நானும் போட்டிருக்கிறேன், மறைக்கவில்லை. அந்த டிக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பிள்ளைகள் உண்டு. ஆனால் அதனால் 'ற'வும் 'ர'வும் சரியாக எழுதக் கற்ற பிள்ளை ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

மர்ம நாவலுக்கு விமர்சனம் எழுதுவது மற்றதைவிடக் கஷ்டம். முடிவைச் சொல்லக் கூடாது. அதற்காக ஒன்றும் சொல்லாமல் 'சூப்பர்' என்று நழுவவும் கூடாது. போன மாதம் நம் குடும்ப குரூப்பில் ஒருவர் புது நாவல் ஒன்றைப் புகழ்கிறேன் என்று இரண்டாவது வரியிலேயே கொலைகாரன் யார் என்று போட்டு உடைத்தார். அவர் எனக்கு மிச்சப்படுத்திய பணத்துக்கு நன்றி.

அப்படியானால் எதைப் பற்றித்தான் எழுதுவது? ஆசிரியர் வாசகரிடம் நேர்மையாக விளையாடினாரா என்று பார்க்கலாம். ரொனால்ட் நாக்ஸ் என்று ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், துப்பறியும் கதைகளும் எழுதியவர், 1929இல் இதற்குப் பத்து விதிகளே போட்டார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவருக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்கக் கூடாது, கிடைத்த தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது என்று போகும். 1926இல் அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் கொலை நாவல் வந்தபோது, அந்த அம்மாள் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு கட்சி, இல்லை, எல்லாம் கண்ணெதிரே இருந்தது என்று இன்னொரு கட்சி. டோரதி சேயர்ஸ் கிறிஸ்டி பக்கம் நின்றார். சண்டை போட்டவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போட்டார்கள். குற்றவாளி யார் என்று நான் சொல்ல மாட்டேன். நூறு வருடம் ஆனாலும் இன்றைக்குத்தான் முதல் பக்கத்தைப் புரட்டப்போகிற ஒருவர் இருப்பார்.

அமெரிக்காவில் ஆண்டனி பௌச்சர் 1951 முதல் 1968இல் சாகும்வரை நியூயார்க் டைம்ஸில் மர்ம நாவல்களுக்கு விமர்சனம் எழுதினார். அவரும் நாவல் எழுதியவர்தான், ஆனால் பேர் நின்றது விமர்சனத்தால். இன்றும் ஆண்டுதோறும் கூடும் மர்மக் கதை மாநாட்டுக்கு 'பௌச்சர்கான்' என்று அவர் பெயர்தான்.

நம்மிடம் என்ன குறை? ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலிருந்து நூறு வருடத்துக்கு மேல் எழுதுகிறோம். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்-வசந்த், ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா என்று பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கியதை வாங்கி நாம் படிக்காததா? மாமியார் கண்ணில் படாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துப் படித்தவள் நான். இலக்கியவாதிகளில் பலர் இதெல்லாம் பேச லாயக்கில்லை என்று ஒதுங்கினார்கள். ரசித்துப் படித்த நாமாவது எது நல்லது, எது சொத்தை என்று எழுதினோமா? இல்லை. இப்போது புதிதாக எழுத வருகிற பிள்ளைக்குக் கிடைப்பது அந்த 'டிக்' மட்டும்தான்.

இரண்டு நட்சத்திரம் ஏன் என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். கொலைகாரன் கதைக்குள் வருவதே கடைசி இருபது பக்கத்தில். நாக்ஸ் பாதிரியார் இருந்தால் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்பார். விஷமா என்று கண்டுபிடிக்க உள்ளுறுப்பு மாதிரியைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். இவன் கதையில் காலையில் அனுப்பி, இன்ஸ்பெக்டர் டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுகிறது. அந்தக் காத்திருப்பை வைத்தே இரண்டு அத்தியாயம் பயமுறுத்தியிருக்கலாம்.

ஊக்கம் கொடுக்க வேண்டாமா என்கிறீர்கள். நான் எழுதிய பக்கத்தில் பாதி, மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றியது. விசைத்தறி ஓடும் தெரு. சாவு எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஆனால் கரண்ட் போய்த் தறிச் சத்தம் நின்ற கொஞ்ச நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது கேட்டது என்கிறாள். தறி ஓடியிருந்தால் கேட்டிருக்கவே கேட்காது. மின்வாரியத்தில் கரண்ட் போன நேரத்தை விசாரித்தால் முடிந்தது. அந்தத் தெருவில் வளர்ந்தவனுக்குத்தான் இது தோன்றும். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஐந்து நட்சத்திரம் போட்ட முப்பது பேரில் ஒருவர்கூட இதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இதில் யார் அவன் மனதை நோகடித்தது?

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். போன் எடுக்க மாட்டேன் என்கிறாய், பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பேன். பிரதியில் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருக்கிறேன், சிவப்பு மையில்தான். வரும்போது அந்தக் கிழவி யார் என்று மட்டும் சொல். உன் ஆத்தாவா?