பிறர் வித்தை

வாளெடுத்தவன் மந்திரமும் கற்கலாமா? இணையத்திலே பல்லாயிரவர் கூடி மாயவீரராய் உலாவும் விளையாட்டுக்களில் இவ்வினா ஓய்வதில்லை. மாணவர் நன்கறிவர்; பெற்றோர் பொருட்டு விளக்குவோம். அங்கே காவலன், வைத்தியன், மந்திரக்காரன் எனத் தொழிற் பிரிவுகள் உண்டு.

1997இல் வெளிவந்த 'அல்ரிமா ஒன்லைன்' பிரிவே வகுக்கவில்லை. எவரும் எதையும் பயிலலாம். ஆனால் ஒரு வித்தைக்கு 100 புள்ளி; எல்லாவற்றுக்குமாக அந்நாளில் 700 மட்டுமே. அதன்பின் புதியது ஏறப் பழையது இறங்கவேண்டும். நேர்மையான கணக்கு என்போம்.

யப்பானியரின் 'ஃபைனல் ஃபான்ரஸி 14', 2013இல் புத்துருப் பெற்றபோது, பிற தொழிலாரின் வித்தைகளிற் சிலவற்றை இரவல் கொள்ள இடமளித்தது. வைத்தியன் வீழ்ந்த தோழனை எழுப்பும் மந்திரத்துக்கு 8 விநாடி செல்லும். அதைக் கணத்தில் முடிக்கும் வித்தையோ தீமந்திரக்காரனிடம் இருந்தது. போர் நடுவே 8 விநாடி பேரிழப்பல்லவா? ஆகவே, காயம் ஆற்றுதலையே விரும்பி வந்தவரும் தீவித்தையில் 26ஆம் படிவரை ஏறினர். 'கற்கலாம்' என்ற சலுகை 'கற்றே தீரவேண்டும்' என்றாயிற்று. சலுகைகளுக்கு இப்படியொரு குணமுண்டு போலும்! 2017இல் அம்முறை நீக்கப்பட்டு, அவ்வித்தை வைத்தியருக்கும் நேரே வழங்கப்பட்டது. தீமந்திரம் அதனை விரும்பியவர் பாடாயிற்று.