சீர் கொண்டுவாருங்கள், பெயர்ப்பலகை வேண்டாம்

மகாராஷ்டிர அரசு 2023 செப்டம்பரில் அறிவித்த பள்ளித் தத்தெடுப்புத் திட்டத்தில் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. பெரிய மாநகராட்சிப் பகுதியில் உள்ள பள்ளியோடு தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள ஆசைப்படும் நிறுவனம் ஐந்து ஆண்டுக்கு 2 கோடி ரூபாய், பத்து ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் மதிப்புக்குப் பொருளோ சேவையோ தர வேண்டும். பணமாகத் தரக் கூடாது. அதுவரை சரிதான். பள்ளிப் பெயரோடு கம்பெனிப் பெயரையும் ஒட்டிக்கொள்ளலாம் என்ற இடத்தில்தான் இடிக்கிறது. நாசிக் பக்கம் ஒரு பள்ளி மது நிறுவனத்தின் கைக்குப் போயிருப்பதாக சரத் பவார் சொன்னபோது சில நாள் சலசலப்பு எழுந்தது, பிறகு அடங்கிப்போனது. அடங்கியிருக்கக் கூடாது.

அரசுப் பள்ளிக்கு வெளியார் உதவியே ஆகாது என்பதல்ல நம் கட்சி. உதவி வேண்டும், தாராளமாகவே வேண்டும். வருகிறவர் யார், யாரைக் கேட்டு வருகிறார், எத்தனை காலம் நிற்பார் என்று பார்க்காமல் கதவைத் திறக்கக் கூடாது என்கிறோம்.

கம்பெனி எத்தனை காலம் நிற்கும் என்பதை மும்பையின் சுனாபட்டிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1886இல் நொடித்துக் கிடந்த தரம்சி மில்லை வாங்கி சுதேசி மில் ஆக்கினார். தலைமுறை தலைமுறையாக இந்தப் பகுதிக்குச் சோறு போட்ட மில் அது. 2000வாக்கில் அதுவும் கதவடைத்தது; நிலுவைத் தொகைக்காகத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் கோர்ட் படி ஏறினார்கள். நூறு ஆண்டு தாண்டிய மில்லுக்கே அந்தக் கதி என்றால், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வருகிற நிறுவனம் எம்மாத்திரம்? லாபம் குறைந்தால் போய்விடும். பள்ளி போக முடியாது, அதில் படிக்கிற பிள்ளையும் போக முடியாது.

சிறிய உதவிகளின் கதையும் அப்படி ஒன்றும் பெருமைப்பட்டுக்கொள்ளும்படி இல்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் சயான், தாராவி, செம்பூர் எங்கும் மாநகராட்சிப் பள்ளி வாசலில் பேனர் கட்டுவார்கள். மேசையில் நோட்டுக் கட்டுகள், நாற்காலியில் பிரமுகர்கள், வெயிலில் பிள்ளைகள். நோட்டை ஒரு முனையில் கொடுப்பவரும் மறுமுனையில் பிள்ளையும் பிடித்திருக்க, போட்டோ எடுத்து முடியும்வரை இருவரும் கையை எடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்கு நோட்டு ஏற்கெனவே உண்டு. சீருடை, ஷூ, பை, நோட்டு என்று 27 பொருள்களை மும்பை மாநகராட்சியே இலவசமாகத் தருகிறது. பல ஆண்டுகளில் அது தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது என்பது வேறு விஷயம். அப்படித் தாமதமானால் மாநகராட்சியைத் தட்டிக் கேட்க வேண்டும். நாம் போட்டிக்கு நோட்டு வாங்கிக் கொடுத்தால் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் கைதட்டல்தான் கேட்கும்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழ் அவற்றில் ஒன்று. தமிழ் வழியில் பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைக்கு இந்த நகரத்தில் பதினொன்றாம் வகுப்பு தமிழில் கிடையாது. ஆன்லைன் சேர்க்கை விண்ணப்பம் அவள் வீட்டில் பேசாத மொழிகளில் இருக்கும். கல்லூரிக்குள் நுழைந்தால் முதல் நாளே இயற்பியலும் கணக்கியலும் ஆங்கிலத்தில். இடையில் சாதிச் சான்றிதழ் என்ற மலை வேறு. பட்டியல் சாதிச் சான்றிதழ் இங்கே வாங்க வேண்டுமானால் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் மகாராஷ்டிரத்தில் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். திருநெல்வேலியிலிருந்து தோல் கிடங்குக்கு வேலைக்கு வந்த தாத்தா, ரேஷன் கார்டையா பத்திரப்படுத்தி வைத்திருப்பார்? உதவித்தொகையும் இடஒதுக்கீடும் அந்த ஒரு காகிதத்தில் தொங்குகின்றன. வக்கீலும் ஆடிட்டரும் உறுப்பினராக உள்ள ஒரு சங்கம் மே, ஜூன் மாதங்களில் வாரம் இரண்டு மாலை பள்ளியில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தால் ஆயிரம் நோட்டைவிட அது பெரிய உதவி.

ஒற்றை அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? நம் சங்கங்களுக்குக் கட்டடம் இருக்கிறது, கோயில்களுக்கு மண்டபம் இருக்கிறது. கல்யாணம் இல்லாத நாளில் பூட்டித்தான் கிடக்கின்றன. அவற்றைப் பிள்ளைகள் படிக்கத் திறந்துவிடலாம். 1995இல் மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு, குடிசைப் பகுதிகளில் கோயிலிலும் வீட்டுத் திண்ணையிலும் பால்வாடி நடத்தியது. அந்தந்தப் பகுதிப் பெண்களே பாடம் சொன்னார்கள். இடமும் ஆளும் அக்கம்பக்கத்திலேயே கிடைத்தன.

தமிழர்களுக்குக் கல்வியில் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாட்டுங்காவில் 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விக் கழகம் இன்று பள்ளிகளும் கல்லூரிகளுமாக வளர்ந்து நிற்கிறது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வசதி வந்த தமிழர் தனக்கென்று பள்ளி கட்டிக்கொண்டார், அதற்கே நன்கொடையும் கொடுத்தார். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி, இட்லி சுமந்து விற்பவரின் பிள்ளைக்கும் வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவின் பிள்ளைக்கும் என்று ஒதுங்கிப்போனது. ஊர்க் கோயில் கொடைக்கு வருஷம் தவறாமல் வரி அனுப்புகிற தாராவிக்காரர்களும் தெருமுனைப் பள்ளிக்கூடத்தைத் தம் வரிக்கணக்கில் சேர்த்ததில்லை.

தமிழ்நாட்டில் கல்விச் சீர் என்றொரு வழக்கம் வந்திருக்கிறது. ஊரார் மேளதாளத்தோடு தாம்பாளம் ஏந்தி அரசுப் பள்ளிக்குப் போவார்கள். நாற்காலி, பீரோ, குடம், துடைப்பம் வரை சீரில் இருக்கும். இதற்கு முன்னோடி காமராஜர் ஆட்சியில் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள், 1958இல் தொடங்கியவை. பள்ளியில் என்னென்ன இல்லை என்று முதலில் பட்டியல் போட்டார்கள், பிறகுதான் கொடுப்பவரைத் தேடினார்கள். இந்த வரிசைதான் முக்கியம். இன்றைய தத்தெடுப்பில் கொடுப்பவர் முதலில் வருகிறார், பட்டியல் பின்னால் வருகிறது.

பட்டியல் போட வேண்டியவர் யார் என்பதைச் சட்டம் முன்பே சொல்லிவிட்டது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழு கூடி, தேவையை எழுதி, பள்ளிச் சுவரில் ஒட்டட்டும். உதவ வருகிறவர் யாராக இருந்தாலும் அந்தக் காகிதத்தில் உள்ளதைத்தான் தர வேண்டும். ஆசிரியர் நியமனம், கட்டடப் பழுது, கழிவறை ஆகியவை அந்தப் பட்டியலில் வரக் கூடாது. அவை அரசின் கடமை. நன்கொடையாளர் வந்துவிட்டார் என்று அரசு கையைக் கழுவ இடம் கொடுக்கலாகாது.

பெரிய நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. தொழில் நடத்தும் இடத்துக்கு அதில் முன்னுரிமை தரவும் சொல்கிறது. சட்டப்படி செய்யும் செலவுக்குப் பள்ளியின் பெயரைக் கூலியாகக் கேட்பது முறையல்ல. மாட்டுங்கா மெஸ்ஸுக்கும் தாராவித் தோல் கடைக்கும் அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால் மாதம் ஐந்நூறு ரூபாயும் சனிக்கிழமை இரண்டு மணி நேரமும் தர அவர்களுக்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

தத்தெடுப்புத் திட்டத்தில் பெயர் சேர்க்கும் விதியை மாநில அரசு நீக்க வேண்டும். சுனாபட்டி, தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழ்ச் சங்கங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த செயற்குழுக் கூட்டத்துக்கு அருகிலுள்ள மாநகராட்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியரையும் மேலாண்மைக் குழுவின் தாய்மார்கள் இருவரையும் அழையுங்கள். அவர்கள் பேசட்டும், நிர்வாகிகள் குறிப்பெடுக்கட்டும்.