ரெண்டு வாக்கியத்துக்கு நடுவில் என்ன இருக்கு?



நம்ம கட்டுரை நோட்டை எதை வேணும்னாலும் எடுத்துப் பாருங்க. "மழை பெய்தது. பஸ் வரவில்லை. நாங்கள் தாமதமாக வந்தோம்." எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியங்கள். பிழை இல்லை, மதிப்பெண்ணும் குறையாது. ஆனா படப்பை பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது நாம இப்படியா பேசறோம்? "மழை பேஞ்சதால பஸ் வரல, அதான் லேட்டு" என்கிறோம். வாயில் சேர்ந்து வருவது பேனாவில் மட்டும் ஏன் துண்டு துண்டாகுது? இதைப் பற்றித்தான் என் கருத்து.

இலக்கணத்தில் இதற்குக் கலவை வாக்கியம் என்று பெயர். முக்கியமான ஒரு வாக்கியம், அதைச் சார்ந்து நிற்கும் இன்னொன்று. ஆங்கிலத்தில் பிகாஸ், ஆல்தோ, இஃப் என்று தனிச் சொல்லை முன்னால் வைப்பார்கள். தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் வினைச்சொல்லின் வாலே செய்துவிடும். "பெய்" என்ற ஒரே சொல்லைப் பாருங்க:

பெய்ததால் – காரணம்.
பெய்தாலும் – தடை இருந்தும்.
பெய்தால் – நிபந்தனை.
பெய்தபோது – நேரம்.

வால் மாறினால் அர்த்தமே மாறிப்போகுது. இது நமக்குப் புதுசு இல்லை. வினையெச்ச வாய்பாடுகளைத் தொல்காப்பியர் 9 என்றார், நன்னூலார் 12 என்றார். வாக்கியத்தை வாக்கியத்தோடு கோக்கும் ஊசி நூல் நம்மிடம் அவ்வளவு காலமாக இருக்கு. ஆனா வகுப்பில் நாம செய்வது என்ன? "பெய்து – வினையெச்சம்" என்று ஒரு மார்க்குக்கு அடையாளம் காட்டிவிட்டு விட்டுடறோம். ஆங்கில வகுப்பிலும் அதே கதைதான். சிம்பிளைக் காம்ப்ளெக்ஸாக மாற்றுவது பரீட்சையில் ஒரு கேள்வி, அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் கட்டுரை எழுதும்போது பழையபடி துண்டு துண்டுதான்.

"சின்ன வாக்கியம்தானே நல்லது, டாக்டர் மு.வ.கூட அப்படித்தானே எழுதினார்?" என்று சிலர் கேட்கலாம். சின்ன வாக்கியம் நல்லதுதான், நானும் ஒத்துக்கறேன். பக்கம் முழுக்க ஒரே வாக்கியமா இழுத்தா யாருக்கும் மூச்சு முட்டும். ஆறுமுக நாவலர் (1822–1879) போன்றவர்கள் தமிழ் உரைநடையில் நிறுத்தற்குறிகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்ததே படிக்கிறவர்களுக்குத் தெளிவாக இருக்கத்தான். ஆனா புள்ளி வைப்பது வேறு, புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது வேறு.

ஒளிந்துகொள்வது என்று ஏன் சொல்றேன்? நம்ம பக்கத்து விஷயத்தையே எடுத்துக்கலாம். 2015 டிசம்பர் வெள்ளம். நாம அப்போ சின்னப் பிள்ளைங்க. அதைப் பற்றி எழுதச் சொன்னால் இப்படி எழுதுவோம்: "செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டது. முடிச்சூர் மூழ்கியது." ரெண்டுமே உண்மை. யாரும் தப்பு சொல்ல முடியாது. இப்போ ரெண்டையும் சேருங்க: "செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டதால் முடிச்சூர் மூழ்கியது." நிறைய பேர் இப்படித்தான் நினைச்சிட்டிருக்காங்க. ஆனா மேப்பை எடுத்துப் பார்த்தால், செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரோ ஆற்றில் அதற்கு மேலே இருக்கு. முடிச்சூருக்கு வந்தது ஆதனூர், மணிமங்கலம் போன்ற ஏரிகளிலிருந்து இறங்கி வந்த தண்ணீர். சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பற்றிப் பேசும்போது அந்த "ஆல்" பற்றி விவாதிக்கலாம். முடிச்சூருக்கு அது பொருந்தாது.

பார்த்தீங்களா? தனித்தனியா எழுதினவரைக்கும் யாரும் எதையும் யோசிக்கலை. சேர்த்த உடனேதான் "நிஜமாவா?" என்று கேட்க வேண்டி வந்தது. ரெண்டு எழுத்து "ஆல்" போடுவதற்கு மேப்பைப் பார்க்க வேண்டியிருக்கு. அதனால்தான் சொல்றேன், கலவை வாக்கியம் வெறும் இலக்கணம் இல்லை, அது யோசிக்கிற பழக்கம். காரணம் எது, விளைவு எது, எது முக்கியம் என்று முடிவு பண்ணாமல் வாக்கியத்தைச் சேர்க்கவே முடியாது. நாளைக்கு நாம பஞ்சாயத்து ஆபீசுக்கு மனு எழுதணும், வேலைக்கு விண்ணப்பம் எழுதணும். "தெருவிளக்கு எரியவில்லை. மாணவிகள் டியூஷன் போகிறார்கள்" என்று எழுதினால், படிக்கிறவர் இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்பார். "தெருவிளக்கு எரியாததால் டியூஷன் முடிந்து வரும் மாணவிகள் இருட்டில் நடக்கிறார்கள்" என்றால் கேள்விக்கே இடமில்லை.

ஆசிரியர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் ரெண்டு. வாரத்தில் ஒருநாள் பத்தே நிமிஷம், போர்டில் ரெண்டு சின்ன வாக்கியம் எழுதிப் போடுங்க. நாங்கள் நாலு விதமாகச் சேர்க்கிறோம். அதில் எது உண்மை என்று எங்களையே வாதாட விடுங்க. ரெண்டாவது, கட்டுரை திருத்தும்போது ஒற்றுப்பிழைக்கு வட்டம் போடுவதோடு, ரெண்டு வாக்கியத்துக்கு நடுவில் சிவப்பு மையில் "ஏன்?" என்று ஒரு வார்த்தை எழுதுங்க. அது போதும், மிச்சத்தை நாங்கள் யோசிச்சுக்கறோம்.

நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. "ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்தன. நம்ம பக்கம் வயல்கள் குறைந்தன." இதை வந்ததால் என்று சேர்ப்பீங்களா, வந்தபோது என்று சேர்ப்பீங்களா, வந்தாலும் என்று சேர்ப்பீங்களா? கீழே இடம் விட்டிருக்கேன். பென்சிலில் எழுதுங்க. எழுதுவதற்கு முன்னால் வீட்டில் தாத்தா பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க.



– 11ஆம் வகுப்பு மாணவி