தொப்புளைச் சுத்தி 14 ஊசி

நம்ம வீடுகள்ல ஒரு புள்ளைய நாலு வாய் சோறு திங்க வைக்க எத்தனை பேர் சம்பளமே இல்லாம வேலை பார்க்கறாங்கன்னு எண்ணிப் பார்த்திருக்கீங்களா? பூச்சாண்டி, மூணு கண்ணன், புள்ள புடிக்கிறவன், போலீஸ்கார மாமா, ஸ்கூல் மிஸ், கடைசியா டாக்டர். எங்க வீட்டுல பூச்சாண்டி சீக்கிரமே ரிட்டயர் ஆயிட்டார். பெரியவனுக்கு மூணு வயசு ஆனப்பவே "எங்க இருக்கான், காட்டுங்க பார்ப்போம்"னு கேட்டுட்டான். போலீசும் ரொம்ப நாள் தாங்கலை. (எதிர் வீட்டு மாமாவே போலீஸ்தான். லுங்கியைக் கட்டிக்கிட்டு அவர் செடிக்குத் தண்ணி ஊத்துறதை தினமும் பார்க்கற புள்ளைக்கு என்ன பயம் வரும்?) நிலைச்சு நின்னது டாக்டர் ஒருத்தர்தான்.

"சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போட்ருவேன்."

இந்த ஒரு வரியை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்லை. பல்லு தேய்க்க, ஹோம்வொர்க் எழுத, தங்கச்சிய அடிக்காம இருக்க, எல்லா வியாதிக்கும் அதே மருந்து. நல்லா வேலையும் செஞ்சது. அதுதான் சிக்கலே.

போன மாசம் ஒரு சனிக்கிழமை. எண்ணெய் தேய்ச்சு விடறதுக்காக பெரியவனைக் கூப்பிட்டா வரமாட்டேங்கிறான். அவனுக்கு ஆறரை வயசு. அதுக்கு முந்தின ரெண்டு நாளும் "நானே குளிச்சுக்கிடுதேன்"னு கதவைச் சாத்திக்கிட்டான். எனக்கு ஒரே பெருமை. புள்ள பெரிய மனுஷன் ஆயிட்டான்னு தங்கமணிகிட்ட சொல்லி வேற மகிழ்ந்தேன். ரெண்டு நாளா பாளையங்கோட்டை வெயில்ல வீட்டுக்குள்ள முழுக்கால் பேன்ட்டோட திரிஞ்சதும் கண்ணுல பட்டுச்சு, மண்டையில ஏறலை.

புடிச்சு இழுத்து உட்கார வைச்சு பேன்ட்டைக் கழட்டினா, கெண்டைக்கால்ல ரெண்டு புள்ளி. பக்கத்துல நீளமா ஒரு கீறல். மேல வெள்ளையா என்னமோ அப்பியிருக்கு. தொட்டுப் பார்த்தா பவுடர். முகத்துக்குப் போடற பவுடர்.

"என்னலே இது?"

"கீழ விழுந்துட்டேன்."

அதுக்குள்ள நாலு வயசுச் சின்னவ வாசப்படியில நின்னுக்கிட்டு, "நாயி கடிச்சத அண்ணன் சொல்லக் கூடாதுன்னான்பா"ன்னு போட்டுக் குடுத்துட்டா. தேன்மிட்டாய் வாங்க தெருமுனைக்குப் போனப்ப வியாழக்கிழமை சாயங்காலம் கடிச்சிருக்கு. ரெண்டு நாள். எந்த நாய்னு கேட்டா "பிரவுன் கலர் நாயி"ங்கிறான். எங்க தெருவுல மொத்தமும் பிரவுன்தான்.

"ஏன்யா சொல்லல?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னான்: "நீங்க ஊசி போட்ருவீங்கல்லா."

டாக்டர் போட்ருவாருன்னு சொல்லலை. நீங்கன்னான்.

சோப்புப் போட்டு, ஓடற தண்ணியில கால் மணி நேரம் கழுவச் சொல்வாங்கன்னு எங்கேயோ படிச்சது ஞாபகம் வந்தது. கடிச்ச உடனே செய்யணும், நாங்க ரெண்டு நாள் கழிச்சு செஞ்சோம். வண்டியை எடுத்துக்கிட்டு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு விட்டேன். முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு வழி நெடுக அவன் கேட்டது ஒரே கேள்வி. "தொப்புள்லயா போடுவாங்க?"

அதுவும் என் கைங்கரியம்தான். தெருநாய்கிட்ட போகாம இருக்கணும்னு, "கிட்டப் போனே, கடிச்சிரும். அப்புறம் தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடணும்"னு சொல்லி வைச்சிருந்தேன். எங்கப்பா எனக்குச் சொன்னது, நான் அப்படியே அவனுக்குச் சொன்னேன். எங்கப்பா சொன்ன காலத்துல அது நெசம். ஆட்டு மூளையில இருந்து தயாரிச்ச பழைய தடுப்பு மருந்தை வயித்துல நாள் தவறாம போடுவாங்க. அந்த மருந்து தயாரிக்கறதை நம்ம நாட்டுல 2004 கடைசியோட நிறுத்திட்டாங்க. இப்ப அரசு ஆஸ்பத்திரியில போடறது கையில, தோலுக்குள்ள, ஒரு கைக்கு 0.1 மில்லி. முதல் நாள், 3, 7, 28. மொத்தமே நாலு தடவை போனா போதும். காசும் கிடையாது. என் மகன் பொறக்கறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே செத்துப்போன ஒரு ஊசியை வைச்சு அவனை மிரட்டியிருக்கேன். அவன் நாய்க்குப் பயப்படலை, ஊசிக்குப் பயந்திருக்கான்.

டாக்டரம்மா ரொம்பப் பொறுமையா பேசினாங்க. லேட்டா வந்தாலும் வந்ததே பெருசு, இந்த நோய் உடம்புக்குள்ள வேலை செய்ய வழக்கமா ரெண்டு மூணு மாசம் எடுத்துக்கும், சிலருக்கு ஒரே வாரத்துலயும் வரலாம், அறிகுறி வந்துட்டா அதுக்கப்புறம் காப்பாத்தறது கிட்டத்தட்ட நடக்காத காரியம்னாங்க. "புள்ளைங்க மறைச்சிருவாங்க சார், அடிக்கடி பார்க்கறோம்"னு சாதாரணமா சொன்னாங்க. எனக்கு அது சாதாரணமா இறங்கலை. உலக சுகாதார நிறுவனக் கணக்குல வெறிநாய்க்கடியால வருஷத்துக்கு 59,000 பேர் வரைக்கும் சாகறாங்க. சந்தேகப்படற மிருகத்துக்கிட்ட கடி வாங்கறவங்கள்ல நூத்துக்கு 40 பேர் 15 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்க. அதுல எத்தனை வீட்டுல ஒரு பவுடர் டப்பா இருந்திருக்கும்?

ரத்தம் வந்த கடிங்கறதால கைக்குப் போட்ட ஊசி போக, காயத்தைச் சுத்தியே இன்னொரு மருந்தும் ஏத்தணும்னாங்க. அங்கதான் நான் அடுத்த பொய்யைச் சொன்னேன். "ஒண்ணுமே வலிக்காதுய்யா, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." நல்லாவே வலிச்சது. அழுதான். அழுகைக்கு நடுவுல என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். அதை எழுத்துல கொண்டு வர எனக்குத் தெரியலை.

யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு அழகா பண்றோம்னு. வருஷம் பூரா ஊசின்னா கொடூரம்னு மிரட்ட வேண்டியது. ஊசி போடற அன்னைக்கு மட்டும் வலிக்கவே வலிக்காதுன்னு சொல்ல வேண்டியது. ரெண்டும் பொய்.

ஊர் திரும்பினதும் எங்கம்மாகிட்ட இதைச் சொன்னேன். "பயம் காட்டாம வளத்தா புள்ள உருப்படுமால? நீயும் அப்படித்தான வளந்த?"ன்னாங்க. ஆமா, அப்படித்தான் வளர்ந்தேன். 38 வயசுல கடைவாய்ப் பல்லு சொத்தையை ரெண்டு வருஷமா யாருக்கும் சொல்லாம ஒரு பக்கமாவே மென்னு தின்னுக்கிட்டு இருக்கேன். தங்கமணி கேட்டா "வலியா? எனக்கா?" :-) பயம் காட்டி வளர்த்ததுக்கு நடமாடும் சாட்சி நான்தான்.

பயமே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. அடுப்புக்குப் பயப்படணும், ரோட்டுக்குப் பயப்படணும், குட்டி போட்ட நாய்கிட்ட தள்ளித்தான் நிக்கணும். அதெல்லாம் உண்மையிலேயே ஆபத்து பண்ற சமாச்சாரம். ஆனா நாம பயம் காட்டப் பயன்படுத்தற ஆளுங்க பட்டியலை எடுத்துப் பாருங்க. டாக்டர், போலீஸ், மிஸ். ஒரு கஷ்டம்னா புள்ள யார்கிட்ட ஓடணுமோ அவங்களைத்தான் பூச்சாண்டி ஆக்கி வைச்சிருக்கோம். ஆனித் தேரோட்டக் கூட்டத்துல கை நழுவிப்போன புள்ள காக்கிச்சட்டையைப் பார்த்து ஓடிப்போய் ஒளிஞ்சா, தப்பு புள்ள மேலயா?

இன்னும் ஒண்ணு இருக்கு. எழுதவே சங்கடமா இருக்கு, ஆனா எழுதித்தான் ஆகணும். புள்ளைங்ககிட்ட தப்பா நடக்கற ஆளுங்க சொல்ற முதல் வார்த்தை "அப்பாகிட்ட சொல்லாத, சொன்னா உன்னைத்தான் அடிப்பாரு". என் மகன் ஒரு நாய்க்கடியையே ரெண்டு நாள் மறைச்சான், தங்கச்சியையும் வாயை மூட வைச்சான், நான் ஏதோ பண்ணிருவேன்னு நம்பினதால. அப்ப அந்த ஆளோட வேலையில பாதியை நானே முடிச்சுக் குடுத்திருக்கேன்னுதானே அர்த்தம்? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. காரணம் நாய் மட்டும் இல்லை.

நான் ஒண்ணும் குழந்தை வளர்ப்பு நிபுணர் கிடையாது. ஆபீஸ் விட்டு வந்து எட்டு மணிக்கு ரசஞ்சோத்துத் தட்டோட பின்னாடி ஓடற ஆளு. அந்த நேரத்துல கைக்குக் கிடைக்கற ஆயுதத்தை எடுக்கறோம், புரியுது. பொறந்த அன்னைக்கு ஆரம்பிச்சு 6, 10, 14 வாரம், 9 மாசம், ஒன்றரை வயசு, 5 வயசுன்னு அட்டையில ஒண்ணு விடாம டிக் அடிச்சு தடுப்பூசி போட்டதும் நான்தான். போட்டுட்டு அதையே வில்லனாக்கினதும் நான்தான். பெரியம்மை இந்த உலகத்தை விட்டுப் போனதே ஒரு ஊசியாலதான்னு அவனுக்கு ஒரு நாளாவது கதையா சொல்லியிருக்கலாம். 1885ல பாஸ்டர் முதல் தடவையா நாய்க்கடிக்கு ஊசி போட்டுக் காப்பாத்தினது ஒன்பது வயசுப் பையன் ஒருத்தனைத்தான், அதையும் சொல்லியிருக்கலாம். இப்பதான் சொன்னேன். "அவனுக்கும் பிரவுன் நாயா?"ன்னு கேட்டான்.

மூணாம் நாள் ஊசிக்குப் போறப்ப, "வலிக்கும்யா. பத்து எண்ற வரைக்கும் வலிக்கும். அப்பா கையைப் புடிச்சுக்கோ"ன்னேன். எண்ணினான். ஆறுல முடிஞ்சு போச்சு. "பத்துன்னீங்க?"ன்னு என்னைக் கேட்டான், ஏமாத்திட்ட மாதிரி. ஏழாம் நாள் கையைப் புடிக்கலை. 28ஆம் நாளை காலண்டர்ல அவனே வட்டம் போட்டு வைச்சிருந்தான். அன்னைக்கு நர்சம்மாகிட்ட தானாவே சட்டைக்கையை மடிச்சு விட்டான்.

நேத்து ராத்திரி சின்னவ சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வாயை இறுக்க மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. அரை மணி நேரம் ஆச்சு. எனக்கும் அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பொய் சொல்லலை. முழுங்கினேன். எங்கம்மா முழுங்கலை. "ஏட்டி, இப்ப வாயைத் தொறக்கியா, டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லட்டா?"

பெரியவன் டி.வி.யில இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான்: "ஆச்சி, சாப்பிடலைன்னால்லாம் டாக்டர் ஊசி போட மாட்டாங்க. நாயி கடிச்சாத்தான் போடுவாங்க. அதுவும் கையிலதான்."

சின்னவ அண்ணனைப் பார்த்தா, ஆச்சியைப் பார்த்தா, எந்திரிச்சுப் போயிட்டா. பாதிச் சோறு தட்டுலயே கிடந்தது. நான்தான் தின்னேன், ஒரு பக்கமா மென்னு.