சாளர மேலாளரைத் தேர்ந்தெடுத்தல்

கணினித் திரையில் திறக்கும் சாளரங்களின் இடம், அளவு, விளிம்பு, மேல்கீழ் வரிசை ஆகியவற்றைத் தீர்மானிக்கும் நிரல் சாளர மேலாளர் எனப்படுகிறது. இயங்குதளத்தோடு வந்ததை அப்படியே ஏற்பவர்கள், இதையும் தேர்ந்துகொள்ளலாம் என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. 1984-இல் எம்.ஐ.டி.யில் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர முறைமை, திரையில் வரையும் பொறுப்பை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, சாளரங்கள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்ற முடிவைத் தனி நிரலிடம் விட்டுவிட்டதனால்தான், லினக்ஸ் பயனர் பிற மென்பொருள்களைத் தொடாமலேயே மேலாளரை மட்டும் மாற்ற முடிகிறது. கணினி வரலாற்றின் மிகத் தாராளமான முடிவுகளில் அது ஒன்று. ஓப்பன்பாக்ஸ் போன்ற மேலாளர்கள் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மிதக்கவிடுகின்றன. படத்தொகுப்பு செய்வோருக்கு அதுவே வசதி. 2009-இல் வெளிவந்த ஐ3 போன்ற ஓடுபாவும் மேலாளர்களோ, திரையை இடைவெளியின்றிப் பகுத்து, ஒவ்வொரு சாளரத்துக்கும் ஒரு பகுதியைத் தாமே ஒதுக்கி, விசைப்பலகையிலிருந்து கையெடுக்காமல் வேலை செய்ய வழிவிடுகின்றன. நாள் முழுதும் எழுதுவோரும் நிரலாக்குவோரும் இவ்வகையைச் சில வாரங்களேனும் பொறுமையுடன் பழகிப் பார்க்க வேண்டும், ஏனெனில் சாளரங்களை இழுத்து நகர்த்துவதில் கரையும் கவனம் சிறிதன்று. மூலநிரல் 2000 வரிகளைத் தாண்டக்கூடாதென வரம்பிட்டுக்கொண்ட டிடபிள்யூஎம் என்னும் மேலாளர் போற்றத்தக்கதே எனினும், சிறு மாற்றத்துக்கும் மூலநிரலைத் திருத்தி மறுபடி தொகுக்க வேண்டியிருப்பதால் புதியவருக்கு ஏற்றதன்று. எக்ஸுக்கு மாற்றாக வளர்ந்துவரும் வேலாண்டில், திரைக்காட்சியை இணைத்துத் தரும் பணியும் சாளர மேலாண்மையும் பொதுவாக ஒரே நிரலுக்குள் அடங்குகின்றன. ஐ3-க்குப் பழகியவர் அங்கே ஸ்வே என்னும் நிரலுக்குத் தம் பழைய அமைவுக் கோப்புடனேயே மாறலாம்.